ஸ்லொட் கார் மக்கர் பண்ணுகிறதா? போட்டி நாளில் அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிக்கும் வழி

ஹட்டனில், ஸ்லொட் கார் என்ற சின்ன மின்சாரக் கார்களை ஓட்ட நாங்கள் கூடும் இடம் ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடி. தகரக் கூரை, நடுவில் நான்கு லேன் மரப்பாதை, மாதத்தில் ஒரு ஞாயிறு போட்டி. எட்டரைக்குப் பெட்டிகள் திறக்கும், பத்துக்கு முதல் ஹீட், அதாவது முதல் ஓட்டம். இடையில் இருக்கிற ஒன்றரை மணித்தியாலத்தில் யாராவது ஒருவர் என் மேசைக்கு வந்து, "அண்ணே, மோட்டர் செத்துப்போச்சு" என்று காரை நீட்டாத ஞாயிறு இன்னும் வரவில்லை.

மோட்டர் லேசில் சாகாது. செத்தது அநேகமாக ஒரு வயராக இருக்கும், இல்லாவிட்டால் அழுக்கு, இல்லாவிட்டால் நம் மலைநாட்டு ஈரம். கார் என்ன செய்கிறது என்று பார்த்து, கோளாறு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பிடிக்கத்தான் இதை எழுதுகிறேன். காலையில் தலைகாட்டும் கோளாறுகள் முதலில், பின்னேரம் வருபவை பிறகு, ஏறக்குறைய அந்த வரிசை.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு பந்தி. எங்கள் கார் உண்மைக் காரில் 32இல் ஒரு பங்கு, ஒரு சாணுக்கும் குறைவு. மூக்குக்கு அடியில் 'கைட்' என்ற பிளாஸ்டிக் நாக்கு. அது பாதையில் வெட்டிய பள்ளத்துக்குள் ஓடும். நாக்கின் இரண்டு பக்கமும் மெல்லிய செம்புக் கம்பியில் பின்னிய பட்டைகள்; இவற்றுக்கு 'பிரெய்ட்' என்று பெயர். பள்ளத்தின் இரு கரையிலும் ஒட்டிய செம்பு டேப்பை பிரெய்ட் உரசி, 12 வோல்ட் கரண்டை எடுத்து மோட்டருக்குக் கொடுக்கும். கையில் கொன்ட்ரோலர், ட்ரிகரை இழுத்தால் வேகம், விட்டால் பிரேக். ஸ்டியரிங் கிடையாது. வளைவில் பேராசைப்பட்டால் கார் பள்ளத்தை விட்டுப் பாயும். ஓரத்தில் நிற்கும் மார்ஷல் எடுத்து வைக்கும் வரை மற்றவர்கள் சுற்றிக்கொண்டே இருப்பார்கள்.

கழற்றுமுன் மாற்றிப் பார்

எந்த அறிகுறியானாலும் முதலில் திருப்புளியைக் கீழே வையுங்கள். கோளாறு காரில் இருக்கும், லேனில் இருக்கும், அல்லது கொன்ட்ரோலரில் இருக்கும். எதில் என்று தெரிய ஒரு நிமிடம் போதும். உங்கள் கார் நொண்டிய அதே லேனில் நண்பரின் காரை வைத்து, உங்கள் கொன்ட்ரோலராலேயே ஓட்டுங்கள். அது நன்றாக ஓடினால் கோளாறு உங்கள் காரில். அதுவும் நொண்டினால் கொன்ட்ரோலரைக் கழற்றி அடுத்த லேனில் செருகி ஓட்டுங்கள். நொண்டி கூடவே வந்தால் கொன்ட்ரோலர், பழைய இடத்திலேயே தங்கிவிட்டால் லேன்.

இதைச் செய்யாமல் காரைப் பிரித்தவர்களில் நானும் ஒருவன். நுவரெலியாவிலிருந்து வந்திருந்த ஒரு மாமாவுக்கு முன்னால் கெத்தாக மோட்டரைக் கழற்றி, புதியதைச் சொல்டர் பண்ணி, லேனில் வைத்தேன். அசையவில்லை. அவர் மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்து, "தம்பி, பிளக் பாதிதான் ஏறியிருக்கு" என்றார்.

கார் அசையவே இல்லை

லேனும் கொன்ட்ரோலரும் சரி, கார் மட்டும் பிணம் மாதிரிக் கிடக்கிறது. அப்படியானால் 9 வோல்ட் சதுரப் பெட்டரி ஒன்றை எடுங்கள். என் பெட்டியில் அது நிரந்தரவாசி. பெட்டரியின் இரண்டு முனைகளிலிருந்தும் வயர் எடுத்து பிரெய்ட்டின் மேல் தொடுங்கள். மோட்டர் சுற்றினால் காரின் கரண்ட் வழி முழுவதும் சரி. கைட் பள்ளத்தில் சரியாக உட்காராமல் பிரெய்ட் டேப்பைத் தொடாமல் இருந்திருக்கும். சுற்றாவிட்டால் பெட்டரியை நேரே மோட்டரின் முனைகளில் வையுங்கள். இப்போது சுற்றினால் இடையில் உள்ள வயர்தான் குற்றவாளி. அநேகமாக, கைட்டுக்குள் பிரெய்ட்டோடு சேர்த்துச் செருகிய வயர் முனை வெளியே நழுவியிருக்கும். கைட் இடமும் வலமும் திரும்பும்போதெல்லாம் அந்த வயர் இழுபடுகிறது, அதனால் அதுதான் முதலில் விடும். கொஞ்சம் தளர்வாக, கைட் முழுதாகத் திரும்பினாலும் இழுபடாத நீளத்தில் வயர் இருக்கவேண்டும்.

நேரே கொடுத்தும் சுற்றவில்லையா? பின் சக்கரத்தை விரலால் உருட்டுங்கள். உருளவில்லை என்றால் எங்கோ இறுகியிருக்கிறது. இங்கே நம் ஊருக்கென்றே ஒரு நோய் உண்டு: ஸ்வெட்டர். காலைக் குளிரில் எல்லோரும் கம்பளியோடு வருகிறோம், காரை மடியில் வைத்துத் துடைக்கிறோம். ஒரு தடவை ஒரு பையனின் காரைத் திருப்பிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பின் அச்சில், பல்சக்கரத்துக்கும் அச்சைத் தாங்கும் பித்தளை புஷ்ஷுக்கும் நடுவில், மயிர் மாதிரி ஒரு சிவப்பு நூல் இருபது முப்பது சுற்றுச் சுற்றி, எண்ணெயில் ஊறிக் கறுத்து, வளையம் போட்டது போல இறுகியிருந்தது. ஊசிமுனையால் நுனியைத் தூக்கி இழுத்தால் நீளமாக வந்துகொண்டே இருக்கிறது. பையன் அணிந்திருந்த ஸ்வெட்டரும் சிவப்பு. அன்றிலிருந்து என் மேசையில் ஒரு பழைய பருத்தித் துவாய் விரித்திருக்கும். காரைத் திருப்பி வைப்பது அதன்மேல்தான்.

கார் பின்னோக்கி ஓடினால் மோட்டருக்குப் போகும் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கின்றன. மாற்றிச் செருகினால் முடிந்தது.

காரை வைத்ததும் எல்லாக் காரும் நிற்கிறது

நான்கு லேனுக்கும் ஒரே பவர் சப்ளை என்றால் இது நடக்கும். உங்கள் கார் ஷோர்ட் ஆகிறது, சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கரண்டை நிறுத்துகிறது. மற்ற மூன்று பேரும் உங்களை முறைக்குமுன் காரைத் தூக்கி, கைட்டின் அடியைப் பாருங்கள். பிரெய்ட் பிரிந்து, ஒரு செம்பு இழை எதிர்ப்பக்கப் பிரெய்ட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். நகவெட்டியால் வெட்டிவிடுங்கள். பாதி தேய்ந்த பிரெய்ட்டானால் புதிதாகவே மாற்றுங்கள், மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

எந்தக் காரையும் வைக்காமலே எல்லாம் நின்றால், முதலில் யாராவது பாதையை நிறுத்தும் பொத்தானை அழுத்தினார்களா என்று பாருங்கள். நடு வளைவில் கார்கள் குவிந்தால் கரண்டை மொத்தமாக நிறுத்த அந்தப் பொத்தான் வைத்திருக்கிறோம். அப்புறம் பிரேக்கர் சுவிட்ச். அப்புறம் ஜன்னல் வழியே எட்டி, கீழே பேக்கரியில் லைட் எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் கரண்ட் கட். பிளேன்டீ குடிக்கப் போகலாம்.

விட்டு விட்டு ஓடுகிறது

போட்டி நாளில் வரும் புகார்களில் பாதி இதுதான். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எப்போதும் ஒரே இடத்திலா, இல்லை எங்கு வேண்டுமானாலுமா?

எங்கு வேண்டுமானாலும் என்றால் பிரெய்ட். அதைத் திருப்பிப் பார்த்தால் செம்பு நிறம் போய்ச் சாம்பலும் கறுப்புமாக இருக்கும். பழைய பல்துலக்கியில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு, பின்னல் போகிற திசையில் தேயுங்கள். காய்ந்ததும் வடிவம் கொடுக்கவேண்டும். புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, நன்றாகத் தொடட்டும் என்று பிரெய்ட்டைக் கொக்கி மாதிரிக் கீழே வளைத்துவிடுவது. அது ஸ்ப்ரிங் ஆகி மூக்கைத் தூக்கும். கைட் பள்ளத்தின் மேல்விளிம்பில் மிதக்கும். முதல் வளைவிலேயே கார் பாயும். பிரெய்ட் ஏறத்தாழத் தட்டையாக, பின்நுனி மட்டும் ஒரு மயிரிழை தாழ்வாக, நுனி இழைகள் விசிறி போலச் சற்று விரிந்து இருந்தால் போதும். ஒரு தட்டைக் கண்ணாடித் துண்டில் காரை வைத்து அடியிலிருந்து பார்த்தால் பட்டை முழுநீளத்துக்கும் தொடுகிறதா என்று தெரியும்.

ஒரே இடத்தில் என்றால் பாதை. அந்த இடத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு மற்றவர்களின் கார் அங்கே என்ன செய்கிறது என்று பாருங்கள். எல்லோருக்கும் இழுத்தால் மூன்று சாத்தியம்: செம்பு டேப் கறுத்திருக்கிறது, டேப் கிளம்பியிருக்கிறது, அல்லது இரண்டு பலகை சேரும் இடத்தில் சொல்டர் விட்டிருக்கிறது. கறுப்புக்குப் பள்ளிப்பிள்ளைகளின் பென்சில் அழிறப்பர் போதும். தேய்த்துவிட்டு ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒரு தடவை துடையுங்கள். இரும்பு நார்ப்பஞ்சைப் பாதைக்குக் கிட்டவும் கொண்டுவரவேண்டாம். அதன் தூள் மோட்டரின் காந்தத்துக்குள் ஏறினால், அன்றைக்கு உண்மையாகவே மோட்டர் செத்துவிடும்.

இங்கே காலநிலையைச் சொல்லாமல் விடமுடியாது. ஹட்டன் 1,271 மீட்டர் உயரம், மேற்குச் சரிவு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நேரே நம் முகத்தில்தான் அடிக்கிறது. அந்த மாதங்களில் சனிக்கிழமை பளபள என்று துடைத்த டேப் ஞாயிறு காலையில் மங்கிக் கிடக்கும். பண்டாரவளையிலிருந்து வரும் நண்பர்களுக்கு ஆரம்பத்தில் இது புரியவில்லை. ஊவாப் பக்கம் அதே மாதங்களில் வறண்ட காற்று. அவர்களுக்கு மழை பெரும்பாலும் ஒக்டோபருக்குப் பிறகுதான். அங்கே ஒரு மாதம் தாங்குகிற பிரெய்ட் இங்கே ஒரு நாளில் மூன்று தடவை துடைக்கக் கேட்கும். எங்கள் பழக்கம்: ஒவ்வொரு ஹீட்டுக்கும் முன்னால் பிரெய்ட்டைப் பார்ப்பது. பத்து விநாடி வேலை.

எல்லாக் காரும் ஒரே இடத்தில் நெருடி நிற்கிறது

இதுவும் ஈரத்தின் கைவரிசைதான், ஆனால் கரண்டோடு சம்பந்தமில்லை. எங்கள் பாதை மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை. வெட்டிய விளிம்பு வழியாக ஈரத்தைக் குடித்து ஊதும். சுமார் 3 மில்லிமீட்டர் அகலப் பள்ளம் ஊதி நெருங்கினால் கைட் சிக்கும். கழற்றிய கைட் ஒன்றைக் கையில் பிடித்து, சந்தேகப்படும் இடத்தில் பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டு போங்கள். எங்கே இறுகுகிறது என்று விரலுக்கே தெரியும். பழைய ஹெக்சோ பிளேட்டில் உப்புத்தாளைச் சுற்றி அந்த இடத்தை மட்டும் தேய்த்து, தூசை வெக்குயூம் பண்ணி, வார்னிஷ் தொட்டு விடுங்கள். வார்னிஷ் பூசாமல் விட்டால் அடுத்த மழையில் அதே இடம் மறுபடி ஊதும்.

ஓடுகிறது, ஆனால் இழுவை இல்லை

முதலில் காரைத் தூக்கிப் பின் சக்கரத்தைச் சுண்டுங்கள். மோட்டரின் காந்தம் பிடிப்பதால் சைக்கிள் சில்லு மாதிரிச் சுற்றாது, ஆனாலும் ஒரே சீராக அசையவேண்டும். ஓர் இடத்தில் மட்டும் இறுகினால் பல்சக்கரம் கோணலாக ஏறியிருக்கிறது. முழுச் சுற்றும் இறுகினால் பல்லும் பல்லும் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன. சிகரெட் பெட்டிக்குள் வரும் மெல்லிய தாளின் தடிப்புக்கு இடைவெளி இருந்தால் நல்லது. மோட்டர் சத்தத்திலும் இது தெரியும், அரைக்கிற மாதிரிக் கேட்கும். தகரக் கூரையில் மழை கொட்டும்போது சத்தத்தை நம்பமுடியாது. அப்போது காரின் முதுகில் விரல் வைத்து அதிர்வைப் பாருங்கள்.

அச்சு வறண்டிருந்தால் தையல் மெஷின் எண்ணெய், குண்டூசி முனையில் தொங்கும் அளவு, புஷ் ஒன்றுக்கு ஒரு சொட்டு. கூடினால் எண்ணெய் டயருக்கு வழிந்து வேறொரு அறிகுறியில் வந்து நிற்பீர்கள்.

அடுத்தது டயர் பொடியில், அதாவது காரின் மேற்கூட்டில், உரசுகிறதா என்று பாருங்கள். பொடியின் உள்பக்கம் சக்கரத்துக்கு மேலே கறுப்புக் கோடு விழுந்திருந்தால் உரசுகிறது. பொடித் திருகுகளை இறுக்கமாக முறுக்கிவைக்கிற பழக்கமும் உதவாது. இறுக்கிவிட்டு அரைச் சுற்று, முக்கால் சுற்றுத் தளர்த்தி, பொடி லேசாகக் குலுங்கும்படி விடவேண்டும். சரியாகத் தளர்த்திய கார் கையில் ஆட்டினால் லொடலொட என்று சத்தம் போடும். புதியவர்கள் அதையே கோளாறு என்று நினைத்து மறுபடி முறுக்கிவிட்டு வருவார்கள்.

முதல் சில சுற்று பறந்து, பிறகு சோர்ந்தால் சூடு. ஹீட் முடிந்ததும் மோட்டரின் தகரத்தைத் தொட்டுப் பாருங்கள், விரல் வைக்கமுடியாவிட்டால் மோட்டருக்குச் சுமை கூடிவிட்டது. பற்கணக்கைப் பாருங்கள். மோட்டரில் 9 பல்லும் அச்சில் 27 பல்லும் இருந்தால் மோட்டர் மூன்று சுற்றுக்கு சக்கரம் ஒன்று. மோட்டரில் 11 போட்டால் அது சுமார் இரண்டரைக்கு ஒன்று ஆகிவிடும். நீண்ட நேர்ப்பாதையில் அது பறக்கும். எங்களுடையது போல ஊசி வளைவு நிறைந்த பாதையில் ஒவ்வொரு வளைவிலிருந்தும் மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே வரும். கடுகண்ணாவ ஏற்றத்தில் டொப் கியரில் போகிற பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாதையின் ஒரு பக்கத்தில் மட்டும் வேகம் குறைகிறது

எல்லாக் காருக்கும் அப்படியென்றால் கரண்ட் அங்கே போய்ச்சேரவில்லை. மல்ட்டிமீட்டரை வெறுமனே டேப்பில் வைத்தால் எல்லா இடத்திலும் 12 என்றே காட்டி ஏமாற்றும். சுமை கொடுத்து அளக்கவேண்டும். வாகன ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் 12 வோல்ட் 21 வாட் சிக்னல் பல்பு ஒன்று வாங்கி, இரண்டு வயர் பற்றவைத்து, ட்ரிகரை முழுதாக இழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு டேப்பிலும் தொடுங்கள். அது ஏறக்குறைய 1.75 அம்பியர் இழுக்கும். இப்போது அளந்தால் உண்மை வெளியே வரும். சப்ளை வரும் இடத்தில் 12க்குக் கிட்டவும் தூரத்து வளைவில் பத்தரையும் காட்டினால், மேசைக்கு அடியால் தடித்த வயர் இழுத்து அந்த வளைவுக்கு நேரே கரண்ட் கொடுக்கவேண்டும். டேப் மட்டுமே முழுப் பாதைக்கும் சுமக்கும் என்று நம்பக்கூடாது.

இதன் மச்சான் ஒருவன் இருக்கிறான்: பக்கத்து லேன் கார் பாய்ந்து விழும்போதெல்லாம் உங்கள் கார் திடீரென்று வேகம் எடுத்து அதுவும் விழும். சப்ளை இளைத்துப்போய்விட்டது, நான்கு பேர் பங்குபோட்டது மூன்று பேருக்கு வருகிறது. லேனுக்கு ஒரு சப்ளை வைப்பதுதான் தீர்வு. அது முடியும்வரை, பக்கத்தில் யாராவது விழும் சத்தம் கேட்டால் ட்ரிகரைச் சற்று விட்டுக்கொடுங்கள்.

வீட்டில் ஒட்டிக்கொண்டு ஓடிய கார் கிளப்பில் வழுக்குகிறது

கோளாறே இல்லாத கோளாறு இது. வீட்டு செட்டுகளின் பிளாஸ்டிக் பாதையில் இரும்புத் தண்டவாளம். காரின் வயிற்றில் உள்ள காந்தம் அதைப் பிடித்து இழுப்பதால் கார் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு ஓடும். எங்கள் பாதையில் இருப்பது செம்பு. செம்பைக் காந்தம் மதிக்காது. இங்கே பிடிப்பு முழுக்க டயரும் எடையும் உங்கள் விரலும். காந்தத்தைக் கழற்றிவிடுங்கள், இங்கே அது வெறும் சுமை. 1957இல் இங்கிலாந்தில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் முதலில் விற்பனைக்கு வந்தபோதும் கார்களில் பிடிப்புக் காந்தம் கிடையாது, ஆகவே இதைப் பின்னடைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வளைவில் வால் வீசுகிறது

டயர். வேறெதையும் பார்க்கமுன் டயர். காலை எட்டரைக்கு மண்டபம் குளிர்ந்திருக்கும், றப்பர் இறுகியிருக்கும், பாதையில் தூசு. அந்த நேரத்தில் எல்லாக் காரும் வழுக்கும். அதைப் பார்த்துப் பயந்து காரைக் குடையவேண்டாம். முப்பது நாற்பது சுற்று ஓடி, பாதையில் றப்பர் படிந்து, ஜன்னலால் வெயில் வந்த பிறகும் வழுக்கினால்தான் அது அறிகுறி.

மாஸ்கிங் டேப்பை ஒட்டும் பக்கம் மேலே வரும்படி மேசையில் விரித்து, பின் டயர்களை அதன்மேல் இரண்டு தடவை உருட்டுங்கள். டேப்பில் சாம்பல் தடம் விழும், அத்தனையும் உங்கள் பிடிப்பைத் தின்ற தூசு. ஒவ்வொரு ஹீட்டுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள்.

துடைத்த பிறகும் வால் துள்ளினால் டயர் வட்டமாக இல்லை. புதுப் பெட்டியிலிருந்து எடுத்த டயரும் முழு வட்டமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். முதலில் டயரைக் கழற்றி, ரிம்மில் சுப்பர் குளூ மிக மெல்லிதாகத் தொட்டு ஒட்டுங்கள். ஒட்டாத டயர் வேகத்தில் ரிம்மின் மேல் ஊதி நழுவும். நன்கு காய்ந்ததும் நுண்மையான உப்புத்தாளை மேசையில் ஒட்டி, பெட்டரியிலிருந்து மோட்டருக்கு நேரே கரண்ட் கொடுத்து, காரைக் கையில் பிடித்து, சுற்றும் டயரை உப்புத்தாளில் முத்தமிடுகிற அளவுக்கு மட்டும் தொட வையுங்கள். முதலில் விட்டு விட்டு உரசும் சத்தம்: டக், டக், டக். மேடு தேயத் தேய இடைவெளி குறைந்து, கடைசியில் ஒரே சீரான உஸ் ஆகிவிடும். அப்போது நிறுத்துங்கள். மாறி மாறிக் கொஞ்ச நேரம் தொட்டு, கொஞ்சம் ஆறவிட்டுச் செய்யவேண்டும், இல்லாவிட்டால் மோட்டர் சுடும். உப்புத்தாளில் கறுத்த மாவு மாதிரிப் படிந்திருக்கும் றப்பரைப் பார்க்கும்போது எனக்கு வரும் திருப்தியை வீட்டில் யாருக்கும் விளக்கமுடிந்ததில்லை.

வழுக்கவில்லை, குப்புற விழுகிறது

பிடிப்பு கூடி, எடை உயரத்தில் இருக்கிறது. ஈயம் வையுங்கள். தனியாக வாங்கவேண்டாம், டயர் கடையில் சில்லு பேலன்ஸ் பண்ணும்போது கழற்றிப் போடும் ஒட்டுத் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். துண்டு 5 கிராம், 10 கிராம் என்று அதிலேயே அடித்திருக்கும். எல்லாம் ஈயமாக இருக்காது, இரும்பும் கலந்து வரும். எங்களுக்கு இரண்டும் சரி. சசியின், அதாவது காரின் அடிச்சட்டத்தின், தரையில், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக, கைட்டுக்குப் பின்னால் ஒன்று, இரண்டு ஓரங்களிலும் ஒன்று. ஒவ்வொன்றாக ஒட்டி ஓட்டிப் பாருங்கள். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் வடை எடுக்கக்கூடாது.

ட்ரிகரை விட்டாலும் கார் நிற்காமல் ஓடுகிறது

பிரேக் போய்விட்டது. பிரேக் காரில் இல்லை, கொன்ட்ரோலரில் இருக்கிறது. ட்ரிகரை முழுதாக விட்டதும் கொன்ட்ரோலர் இரண்டு டேப்பையும் ஒன்றாக இணைக்கிறது. சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டர் அந்தக் கணத்தில் டைனமோவாக மாறி, தன் கரண்டாலேயே தன்னைப் பிடிக்கிறது. எங்கள் கிளப்பில் வெள்ளை வயர் கரண்ட், கறுப்பு டேப்புக்கு, சிவப்பு பிரேக்குக்கு. மல்ட்டிமீட்டரை ஓம்ஸில் (மின்தடை அளவில்) வைத்து, ட்ரிகரை விட்ட நிலையில் கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையில் அளந்தால் சைபருக்குக் கிட்ட வரவேண்டும். ட்ரிகரைத் தொட்டதும் தொடர்பு அறவேண்டும். இது சாதாரண றெசிஸ்டர் கொன்ட்ரோலருக்கு. இலத்திரனியல் கொன்ட்ரோலரானால் இன்னொன்றை மாற்றிச் செருகிப் பார்ப்பதே வழி. சைபர் வராவிட்டால் கொன்ட்ரோலருக்குள் ட்ரிகர் வந்து மோதும் தொடுமுனை கறுத்திருக்கும், அல்லது சிவப்பு வயர் பிளக்குக்குள் விட்டிருக்கும். வெளியூர்க் கொன்ட்ரோலரில் நிறம் வேறாக இருக்கலாம், செருகுமுன் கேளுங்கள்.

ட்ரிகரைத் தொட்டதும் கார் தவளை மாதிரிக் குதித்தால் உங்கள் மோட்டருக்கு அந்தக் கொன்ட்ரோலரின் ஓம்ஸ் போதாது. பாதி இழுக்கும் வரை அசையவில்லை என்றால் ஓம்ஸ் கூடிவிட்டது, இல்லாவிட்டால் உள்ளே தேயும் முனையில் அழுக்கு. மென்மையான சின்ன மோட்டருக்கு 45 ஓம், முரட்டு மோட்டருக்கு 25 என்று தொடங்கிப் பாருங்கள்.

நான் இழுத்தால் ஓடவில்லை, பக்கத்துத் தம்பி இழுத்தால் என் கார் ஓடுகிறது

மார்ஷல் உங்கள் காரை அந்தத் தம்பியின் லேனில் வைத்துவிட்டார். சிரிக்கவேண்டாம், இறுதி ஹீட்டில் இப்படி ஒரு கோப்பை கைமாறியதைப் பார்த்திருக்கிறேன். லேன் நிற ஸ்டிக்கரைக் காரின் கூரையில் ஒட்டுங்கள், பக்கவாட்டில் ஒட்டினால் எவருக்கும் தெரியாது. ஒவ்வொருவரும் நான்கு லேனிலும் மூன்று மூன்று நிமிடம் ஓட்டுவதால், ஹீட்டுக்கு ஹீட் ஸ்டிக்கரை மாற்ற மறக்கக்கூடாது. நீங்கள் மார்ஷலாக நிற்கும்போது காரை இறக்கையில் பிடித்துத் தூக்காமல், நடுவில் இரண்டு பக்கமும் பிடித்து, கைட் பள்ளத்தில் இறங்கியதை உணர்ந்த பிறகே கையை எடுங்கள்.

கணக்கில் சுற்று குறைகிறது, அல்லது கூடுகிறது

தொடக்கக் கோட்டின் மேல் உள்ள சின்னப் பாலத்தில் விளக்கு, கீழே பள்ளத்துக்குள் உணரி. கார் ஒளியை மறைக்கும்போது கொம்பியூட்டர் ஒன்று எண்ணும். ஒரு லேனில் மட்டும் எண்ணவே இல்லை என்றால் உணரியின் துளையில் கம்பளித் தூசு, ஊதிவிடுங்கள். எல்லா லேனிலும் இடையிடையே சுற்று விடுபட்டால் ஜன்னலைப் பாருங்கள். பின்னேரம் மூன்றரைக்கு முகில் விலகி, மேற்கு ஜன்னலால் சரிந்து வரும் வெயில் காரின் அடியால் புகுந்து உணரிக்குப் போகும், கார் போனது அதற்குத் தெரியாது. எங்கள் தீர்வு ஒரு பழைய போர்வை, இரண்டு ஆணி.

ஃபோர்முலா வகைக் கார் ஒரு சுற்றுக்கு இரண்டு எண்ணிக்கை வாங்கினால், மூக்குக்கும் உடலுக்கும் இடையே ஒளி புகுந்து மறைகிறது. மென்பொருளில் குறைந்தபட்சச் சுற்று நேரத்தை உயர்த்துங்கள். ஆறு விநாடிப் பாதைக்கு மூன்று விநாடி என்று வைத்தால் இரட்டை எண்ணிக்கை நின்றுவிடும்.

மோட்டர் உண்மையாகவே செத்திருந்தால்

எரிந்த வாசனை, அச்சுத்தண்டு பக்கவாட்டில் ஆடுவது, சுமையின்றி அரை நிமிடம் சுற்றியதுமே கை வைக்கமுடியாத சூடு. இவற்றில் ஒன்று இருந்தால் மாற்றுங்கள். புதியதை நேரே 12 வோல்ட்டில் விரட்டாமல், ஏஏ பெட்டரி இரண்டைச் சேர்த்து 3 வோல்ட்டில் சில நிமிடம் சுற்றவிட்டால் உள்ளே சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் பிரஷ் பதிந்துகொள்ளும்.

போன மாதம் பறந்த கார் இந்த மாதம் தடதடக்கிறது

ஒரு மாதம் பெட்டிக்குள் டயரில் நின்றே இருந்திருக்கிறது. டயரில் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும், பிரெய்ட் கறுத்திருக்கும். டயரை மறுபடி உப்புத்தாளில் காட்டவேண்டும், பிரெய்ட்டுக்கு ஸ்பிரிட். இனிமேல் பூட்டிவைக்கும்போது சசிக்கு அடியில் ஒரு ஸ்பொஞ்சுத் துண்டை வைத்து, நான்கு சில்லும் அந்தரத்தில் நிற்கும்படி விடுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் இரண்டையும் உள்ளே போட்டு மூடுங்கள்.